நாலாம் மெஷினில் மட்டம் பார்க்கும் டியூப்

தளவாய் அண்ணாச்சி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மத்தியானச் சாப்பாட்டைக்கூட டிபன் பாக்ஸைக் கையில் ஏந்தியபடி மெஷின்களுக்கு இடையே நடந்துகொண்டுதான் சாப்பிடுவார். இரண்டு வாய் உண்பார், குனிந்து ஒரு மெஷினின் முகப்பில் எரியும் எண்ணைப் பார்ப்பார், அடுத்ததற்குப் போவார்.

"இப்படி நடந்துகிட்டே தின்னா சோறு எறங்குமா அண்ணாச்சி?"

"நின்னாத்தான் எறங்காது டிகிரி. நடந்தா அது பாட்டுக்கு எறங்கிரும்."

டிகிரி என்பது நான். எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்பதை ஸ்டுடியோவில் சேர்ந்த அன்றே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிண்டல்தான். இருந்தாலும் கூப்பிடும்போதெல்லாம் முதுகு கொஞ்சம் நிமிரும்.

அவர் களக்காட்டுப் பக்கம். பதினேழு வயதில் கொத்தனார் கூட்டத்தோடு திருவனந்தபுரம் வந்தார். கழக்கூட்டத்தில் ஐடி பார்க் எழும்பிக்கொண்டிருந்த காலம். அங்கே ஏழு வருஷம் கலவை சுமந்தார்; மட்டம் பிடித்தார். வேலை முடிந்து சிமெண்ட் காயாத கைகளோடு ஓவர்பிரிட்ஜ் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் ஹார்டுவேர் படித்தார். பிறகு வந்ததெல்லாம் ஒப்பந்த வேலைதான், ஆறாறு மாதமாக; எங்கள் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதும் அப்படித்தான். "ஆறு மாசத்துக்கு மேல எம்பேரு எந்தத் தாள்லயும் இருந்ததில்ல டிகிரி" என்பார், ஏதோ தமாஷ் சொல்வதுபோல.

எங்கள் ஸ்டுடியோ நெடுஞ்சாலையை ஒட்டி மூன்றாவது மாடியில் இருந்தது. குழந்தைகளுக்கான கார்ட்டூன் படம் செய்வோம். பக்கத்து அறையில் குரல் பதிவு நடக்கும். நடுவில் பிளைவுட் தடுப்பு மட்டும். சாதாரண கம்ப்யூட்டர் என்றால் ஃபேன் இரைச்சல் பதிவில் விழும் என்று, முதலாளி துபாயிலிருந்து தண்ணீரால் குளிரும் மெஷின்கள் ஆறு வாங்கி அனுப்பியிருந்தார். பிராசஸர் தலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு செம்புக் கட்டி. அதன் உள்ளே சீப்புப் பல்லைவிட மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். ஒரு சின்ன பம்ப், இளஞ்சிவப்புத் திரவத்தைக் கண்ணாடி போன்ற டியூப்கள் வழியாக அந்தத் தகடுகளுக்குள் தள்ளும். திரவம் சூட்டை வாங்கிக்கொண்டு பின்னால் இருக்கும் ரேடியேட்டரில் கொட்டிவிட்டுத் திரும்பி வரும். முகப்பில் சூடு எத்தனை டிகிரி என்று எண் எரியும். நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு என்றால் சுகம். எண்பது வந்தால் மெஷின் தானாக அணைந்துவிடும்.

2005 ஓணம் விடுமுறை முடிந்து திரும்பியபோது நாலாம் மெஷினின் டியூபை எலி கடித்திருந்தது. அந்த டியூப் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். படம் பாதியில் நின்றது. தளவாய் அண்ணாச்சி மத்தியானம் பஸ் ஏறிச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனார். நாலு மணிக்கு ஒரு சுருள் டியூபோடு வந்தார். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி, சுவரின் இரண்டு முனையிலும் பிடித்து மட்டம் பார்ப்பார்களே, அந்த டியூப்.

"அதே வாய், அதே பருமன். எத்தன செவுரு பாத்திருக்கும் இந்த டியூபு" என்று சொல்லி மாட்டினார். மறுநாள் காலையில் நாலாம் மெஷின் நாற்பத்தேழில் ஓடியது.

நிர்வாகம் பார்த்த ராமசுப்ரமணியன் சாருக்கு ஒரே சந்தோஷம். ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவர். லேசில் யாரையும் புகழ மாட்டார். "மூணு வாரத்தை ஒரு சாயங்காலமா ஆக்கிட்டானே இவன்!" என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொன்னார். மார்ச் மாதம் தளவாய் அண்ணாச்சியை நிரந்தரமாக்கச் சொல்லி முதலாளிக்கு எழுதிய கடிதத்தில், இந்த டியூப் சங்கதிதான் முதல் வரி. கடிதத்தை ஆங்கிலத்தில் டைப் செய்தது நான்.

கடிதம் தயாரான வாரத்தில் அண்ணாச்சியின் நடை இன்னும் கூடியிருந்தது. நாலாம் மெஷின் சரியில்லை. டிசம்பரில் ஐம்பத்திரண்டு, ஜனவரியில் அறுபது, மாசி வெயிலில் எழுபத்தொன்று. ரேடியேட்டர் தூசியை ஊதினார். பிராசஸர் மேலுள்ள பசையை மாற்றினார். ஸ்குரூடிரைவரின் ஒரு முனையைப் பம்ப்பிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். திரவம் குறைந்தால் வெயிலில் ஆவியாகிறது என்று பேட்டரித் தண்ணீரை விட்டு நிரப்புவார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார், தான் மாட்டியதை மட்டும் தவிர.

இதற்கிடையில் நாலாம் மேசையில் தினமும் காலையில் இளஞ்சிவப்பாக இரண்டு மூன்று சொட்டு கிடந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாண்ட்ரியில் தங்கபாய் அக்கா பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சுகிற குடிதண்ணீரும் அதே நிறம். எல்லோர் தண்ணீர்க் குப்பியிலும் அதுதான். காலையில் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வந்து அவரே குப்பிகளை நிரப்புவார். சிந்திக் கிடப்பதைத் துடைப்பதும் அவர்தான்.

நாலாம் மேசைக்காரி ஷில்பாவை அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். "மெஷின் பக்கத்துல தண்ணிக் குப்பி வைக்காதேன்னு எத்தன வாட்டி சொல்லுதேன்?"

"ஐயோ அண்ணா, எண்ட குப்பி பேக்ல தன்னே உண்டு. நோக்கு."

"அப்ப இது என்ன, மெஷினு மோண்டு வச்சிருக்கா?"

ஷில்பா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. மேசையில் குடிதண்ணீர் வைக்கக் கூடாது என்று என்னை எழுதச் சொல்லி ஒரு தாளைச் சுவரில் ஒட்டினார். குப்பிகள் ஜன்னல் ஓரத்துக்குப் போயின. அதற்குப் பிறகும் சொட்டு கிடந்தது. ஒளித்து வைத்துக் குடிக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

கடிதம் தயாரான அந்த வாரம் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நாலாம் மெஷினில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது, நெட்டி முறித்ததுபோல. திரை கறுத்தது. பொசுங்கல் வாசனை வந்தது. ராமசுப்ரமணியன் சார் வந்து பார்த்தார். மேசையின் மேல் இளஞ்சிவப்பு ஈரம். பக்கத்தில் ஜன்னலோரக் குப்பிகளை நிரப்பிக்கொண்டு, கையில் கெட்டிலோடு தங்கபாய் அக்கா.

"கெட்டிலைத் தூக்கிண்டு இதுக்கு நடுவுல நடக்காதேன்னு சொன்னேனோல்லியோ? கொட்டிட்டயே!"

"கொட்டல்ல சாறே. ஒரு துள்ளி கொட்டல்ல."

"பின்னே இந்தக் கலர் எங்கேர்ந்து வந்தது? ஆகாசத்துலேர்ந்தா?"

என்னைக் கூப்பிட்டு ரிப்போர்ட் எழுதச் சொன்னார். எழுதினேன். நன்றாகவே எழுதினேன். கவனக்குறைவுக்கு அகராதியில் பார்த்து வைத்திருந்த ஒரு கனமான ஆங்கிலச் சொல்லை, நல்ல இடம் பார்த்துப் போட்டேன். தங்கபாய், வயது நாற்பத்தாறு, பாண்ட்ரி ஊழியர் என்று முழு விவரமும் முதல் வரியிலேயே வந்தது. திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று அக்காவிடம் சாயங்காலமே சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி நாலாம் மெஷினைப் பிரித்தார். டார்ச் பிடிக்க என்னை அழைத்திருந்தார். டியூபின் முனையைச் செம்புக் கட்டியிலிருந்து கழற்ற இடுக்கி எடுத்தவர், அது தேவைப்படாமலே நின்றார். இரண்டு விரலால் தொட்டதும் டியூப் வழுவிக் கையோடு வந்துவிட்டது. கண்ணாடி போல் மாட்டியது இப்போது அரிசி கழுவிய தண்ணீரின் நிறத்தில் இருந்தது. முனை இளகி, வாய் அகன்றிருந்தது.

கட்டியின் நாலு திருகைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே தகடுகளே தெரியவில்லை. வெளுத்த இளஞ்சிவப்பில் ஒரு பசை, சோப்பு டப்பாவின் அடியில் தேங்குமே அதுபோல, சந்து சந்தாக அடைத்திருந்தது. குண்டூசியால் கிளறினார். திரியாக வந்தது. மற்ற ஐந்து மெஷின்களில் இல்லாத பசை. சுவரில் மட்டம் பார்க்கச் செய்த டியூப், இரவும் பகலும் சுடுகிற திரவத்தில் கிடந்து, வளைவதற்காகத் தன்னில் கலந்திருந்த எண்ணெயைக் கக்கியிருக்கிறது. அது சாயத்தோடு சேர்ந்து தகடுகளை அடைத்தது. அடைக்க அடைக்கச் சூடு ஏறியது. சூடு ஏற ஏற டியூபின் வாய் இளகியது. இளகிய வாய் வழியே சொட்டு மேசைக்கு வந்தது.

அண்ணாச்சி டியூபைச் சுருட்டித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "டிகிரி, நீ எதையும் பாக்கலல்லா?"

"டார்ச்சே எங்கையிலதான இருந்துச்சு அண்ணாச்சி."

அதன் பிறகு அவர் நடந்த நடையைச் சொல்லி முடியாது. ஒன்றிலிருந்து ஆறு வரை, ஆறிலிருந்து ஒன்று வரை. கீழே இறங்கி நெடுஞ்சாலையோரம் சாயா சொல்லிவிட்டுக் குடிக்காமலே மேலே வந்தார். மறுபடி இறங்கினார். சட்டைப் பையை ஒரு கை பொத்திக்கொண்டே இருந்தது.

நாலு மணிக்கு பாண்ட்ரியில் தங்கபாய் அக்கா கெட்டிலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது அவர் வீட்டிலிருந்து கொண்டு வந்த கெட்டில். எடுத்துப் போக வேண்டும். அண்ணாச்சி வாசலில் போய் நின்றார், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி.

"தம்பி, நீங்களாவது ஒண்ணு யோசிச்சுப் பாக்கப்படாதா? குப்பியெல்லாம் சன்னலுக்குப் போயி மூணு வாரம் ஆச்சு. பின்ன மேசையில தண்ணி எப்படி வந்துச்சு?"

அக்கா மேசை துடைக்கிற துணியை எடுத்து நீட்டினார்.

"இந்தத் துணியப் பாருங்க. நான் காய்ச்சுற தண்ணியத் தொடச்சா துணி இப்படி வெறைக்குமா? அப்பளம் மாதிரி நிக்குது. இதயும் சாறுகிட்ட காட்டுனேன். துணிய அலசத் தெரியாதான்னு கேக்காரு." கெட்டிலைக் கவிழ்த்து உதறினார். "விழிஞ்ஞம் ஹார்பர்ல வீட்டுக்காரரு ஐசு ஒடைக்கப் போயி மாசத்துல பாதி நாளுதான் வேல. நான் எங்க போயி யாருட்ட கேக்க?"

"எக்கா, கெட்டில அங்கனயே வையுங்க" என்றார் அண்ணாச்சி.

"என்னத்துக்கு?"

"வையுங்கன்னு சொல்லுதேன்லா."

அங்கிருந்து நேராக ராமசுப்ரமணியன் சார் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் கிடந்தது. நான் வெளியே டைப் மேசையில் இருந்தேன்.

"என்னடா இது, பாம்பு மாதிரி சுருட்டிண்டு வந்து மேஜைல வெக்கறே?"

"நாலாம் மெஷினு டியூப் சார். நான் மாட்டுனது. இதுதான் ஒழுகியிருக்கு. தங்கபாய் அக்கா கொட்டல."

சார் குரல் தணிந்தது. "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் டிகிரிக்கும்."

"உன்னைப் பத்தின லெட்டர் நாளைக்குத்தான் போறது. அதுல மொதல் வரி என்னன்னு தெரியுமோ உனக்கு?"

"தெரியும் சார். இந்த டியூபுதான்."

"மெஷின் போனது நீ போட்டதாலதான்னு ரிப்போர்ட் போச்சுன்னா, அந்த லெட்டரை நான் எப்படிடா அனுப்பறது? ரெண்டும் ஒரே கவர்லயா?"

"அனுப்பாண்டாம் சார்."

"அவசரப்படாதே. உக்காரு. யோசிச்சுச் சொல்லு."

"உக்காந்தா வேற மாதிரி யோசன வந்துரும் சார்."

சார் என்னை உள்ளே அழைத்தார். பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். டியூபை ஒரு விரலால் தள்ளிவிட்டு, "புதுசா எழுது. நடந்தது நடந்தபடி" என்றார். தளவாய் அண்ணாச்சியைப் பார்த்து, "நல்லா வந்துண்டிருந்தது எல்லாம்" என்று மட்டும் சொன்னார்.

எழுதினேன். இந்த முறை கனமான சொல் ஒன்றும் கிடைக்கவில்லை, தேடவும் இல்லை. அண்ணாச்சி என் முதுகுக்குப் பின்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டிருந்தார்.

"தமிழ்ல சொல்லு டிகிரி, என்ன போட்டுருக்க?"

"நாலாம் மெஷினில் மாட்டப்பட்டிருந்த பொருத்தமில்லாத டியூபில் கசிவு ஏற்பட்டதால..."

"யாரு மாட்டுனா?"

"அது... டெக்னீசியன்னு கீழ வருது."

நடை நின்றது. "போன ரிப்போர்ட்ல தங்கபாய் அக்கா பேரு, வயசு எல்லாம் மொத வரியிலேயே போட்டியாமே. எம்பேரு எங்க?"

என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. "வேணும்னுதான் விட்டேன் அண்ணாச்சி."

"போடுல."

இனிஷியல் கேட்டேன். சங்கரபாண்டி மகன், எஸ் என்றார். வயது முப்பத்தொன்று. முதல் வரியில் போட்டேன். பிரிண்டரிலிருந்து தாள் வந்ததும் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்திருப்பதைக் கவனிக்காமல், "இதுல எங்க இருக்கு?" என்றார். திருப்பிக் கொடுத்துக் காட்டினேன். பேரின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு தாளை என் மேசையில் போட்டுவிட்டு, ரெண்டாம் மெஷின் ஐம்பதைத் தாண்டிவிட்டது என்று டார்ச்சைத் தூக்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை கெட்டில் அடுப்பில் ஏறியிருந்தது. ஏப்ரலில் அண்ணாச்சிக்கு மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது, ஒப்பந்தம் இன்னும் ஆறு மாதம் என்று.