எலிசேய் நின்ற வளைவுகள்

நம்பாதவர்கள் என் மச்சினன் கவ்ரீலைக் கேட்டுக்கொள்ளலாம். அவனும் படகில் இருந்தான். என் மானம் போகிற விஷயத்தை நானே எதற்குக் கதை கட்டிச் சொல்லப்போகிறேன்?

போன செப்டம்பர். மீன் பிடித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். மாலை ஆறு மணி. எங்கள் பிக்கின் ஆறு காட்டுக்குள் நேராக ஓடாது, நெளிந்து நெளிந்துதான் போகும். ஒரு வளைவைப் படகில் சுற்ற அரை மணி நேரம் ஆகும். கரையேறிக் குறுக்கே நடந்தால் ஐந்தே நிமிடத்தில் அடுத்த வளைவு.

முதல் வளைவில் ஒரு குரல்.

"புரோகோப்பி! டேய், படகை இப்படித் திருப்புடா!"

எலிசேய். அவன் வலையை நான் அறுத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். விழுந்து கிடந்த மரத்தோரம் உட்கார்ந்திருந்தான். இன்னும் ஏதோ கத்தினான். ஆற்று இரைச்சலில் கேட்கவில்லை. கேட்க நான் விரும்பவும் இல்லை.

"மாமா, கூப்பிடுறாரே..."

"கூப்பிடட்டும். வலை அறுக்கிறவன் படகு அவனுக்கு எதுக்கு? குறுக்கால நடந்து வரட்டும்."

இருவரும் சிரித்தோம்.

இரண்டாவது வளைவில் எலிசேய் நின்றுகொண்டிருந்தான். குறுக்கு வழியாக வந்துவிட்டான் போலும். இப்போது கூப்பிடவில்லை. வெறுமனே பார்த்தான்.

"பாவம் மாமா, ஏத்திக்கலாம்."

எனக்கு வீம்பு. துடுப்பை நிறுத்தவில்லை.

மூன்றாவது வளைவு. அங்கேயும் நின்றான்... எதிர்க் கரையில். நடுவில் ஆளை இழுக்கும் ஆறு. அவன் சட்டை நனையவே இல்லை.

கவ்ரீல் துடுப்பை வேகமாக வலித்தான். நானும்தான்.

நான்காவது வளைவில் இருபுறமும் செங்குத்துப் பாறை. யாருமில்லை. மூச்சு விட்டேன்.

க்ரீச்...

படகின் பின்பக்கம் அமுங்கியது. ஓர் ஆள் ஏறினால் அமுங்குமே, அப்படி.

என் முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்.

முன்னால் இருந்த கவ்ரீல் திரும்பினான். என்னைத் தாண்டிப் பார்த்தான். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் திரும்பவில்லை.

ஊர்த்துறையில் படகு லேசானது.

நாங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் எலிசேயைத் தூக்கி வந்தார்கள். முதல் வளைவில், மரம் விழுந்து இரண்டு காலும் நசுங்கி, அந்த இடத்தைவிட்டு நகராமலே செத்திருந்தான். நாங்கள் சிரித்தபோது அவனுக்கு உயிர் இருந்திருக்கிறது.

அவன் மனைவி கிளாவ்தியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"நேத்து ராத்திரி கதவுக்கு வெளிய அவர் குரல் கேட்டுச்சு அண்ணே. தொறந்து பார்த்தா ஆளைக் காணோம்."

"என்ன... சொன்னான்?"

"'புரோகோப்பி படகுலதான் வந்தேன்'னு சொன்னாரு."