ஆபிரிக்கான்ஸில் வந்த சாவுச் செய்தி

சிவநேசம் மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நாடகங்கள் பழக்கிய காலத்தில், ஒரு மண்டபம் நிறைந்த பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கியவர். கனடாவின் மொன்றியலுக்கு வந்து புவாண்ட்-கிளேர் புறநகர்க் கிடங்கொன்றில் பெட்டி அடுக்கிய அதே மனிதருக்கு, பெண்சாதியிடம் ஒரு வசனம் சொல்ல வாய் வரவில்லை.

மகன் குகதாசன் செத்துவிட்டான். அதுதான் அந்த வசனம். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில் ஷெல் விழுந்து செத்த பிள்ளையைத் தன் கையாலேயே புதைத்ததாக, ஊரிலிருந்து வந்த சவிரிமுத்து மெற்றோ ரயில் வாசலில் வைத்து மாஸ்டருக்குச் சொல்லிவிட்டார். வீட்டிலோ கௌரி, தொடர்பு விட்டுப்போன மகன் கிடைத்ததும் ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு எடுக்கப்போகிறோம் என்று அவனுக்குக் குளிர் ஜாக்கெட்டே வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தாள். மாஸ்டர் கோழை என்றால் கோழைதான். அந்த ஜாக்கெட்டுக்கு முன்னால் நின்று பார்த்தவர்கள் வந்து பேசட்டும்.

வாயால் முடியாததை நாடகமாக எழுதினார். போருக்குள் பிள்ளையைத் தேடும் ஒரு தாயின் கதை. கௌரியைக் கொண்டுபோய் முன்னால் இருத்திவிட்டால் மிச்சத்தை மேடை சொல்லிவிடும் என்று நம்பினார். தமிழ் விழாக்காரர் வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

"ஷெல் அடிச்சது ஆரெண்டு எழுதுங்கோ மாஸ்டர். இல்லாட்டி மேடை தரேலாது."

"நான் செத்தவனைப் பற்றியெல்லோ எழுதினனான்!" என்று கத்திவிட்டு வந்துவிட்டார்.

கிடங்கில் கூட வேலை செய்த கொபஸ், தென்னாபிரிக்காவில் படைக்குப் போக மறுத்து ஓடிவந்த வெள்ளையன். சாப்பாட்டு நேரங்களில் மாஸ்டர் நாடகத்தைத் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொல்ல, தன் ஆட்களை வைத்து மேடையேற்றலாம் என்று அவன் தன் தாய்மொழியான ஆபிரிக்கான்ஸில் எழுதினான். இது யாருடைய பிள்ளை என்று ஒருநாள் கேட்டான். மாஸ்டர் உண்மையைச் சொல்லி, பெட்டிகளுக்கு நடுவே விம்மி விம்மி அழுதார்.

ஒரே ஓர் இடத்தில்தான் இருவரும் முட்டிக்கொண்டார்கள். செய்தி வந்ததும் தாய் எரிகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றுகிறாள். எங்கள் ஆட்களுக்கு இது விளங்காது, வெட்டிவிடலாம் என்றான் கொபஸ். செத்த வீட்டில் நாங்கள் அடுப்பு எரிப்பதில்லை, இதை மட்டும் தொடாதே என்று மாஸ்டர் ஒற்றைக்காலில் நின்றார்.

தேவாலய மண்டபத்தில் கொபஸின் நாட்டுக்காரர்கள் நடித்தார்கள். "விளங்காத பாசையில என்னத்தைப் பாக்கிறது?" என்று முணுமுணுத்தபடி கௌரியும் வந்தாள். பாதி நாடகம் கொட்டாவியிலேயே போனது.

மேடையில் ஒருவன் வந்து ஏதோ சொன்னான். தாயாக நடித்தவள் உலையை இறக்கினாள். செம்பை எடுத்து அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள்.

கௌரி நிமிர்ந்தாள். பக்கத்தில் மாஸ்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பின்வரிசையிலிருந்து கொபஸின் மனைவி எட்டி, கௌரியின் தோளில் கை வைத்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். கௌரி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன்னையே பார்த்துக்கொண்டிருந்த வெள்ளை முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, என்ர பிள்ளை செத்தது இவையள் எல்லாருக்கும் தெரியுமோ?"

மாஸ்டர் பொத்திய முகத்தோடே ஆமென்று தலையாட்டினார்.

"அப்ப நான்தானோ கடைசி?"