சூடு பார்த்த கை

கோவில்பட்டி நூற்பாலை ஒன்றில் மிஷின்களுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் பழைய பிஸ்டன் கம்ப்ரஸரைக் கழற்றிவிட்டு ஸ்குரூ கம்ப்ரஸர் மாட்ட ஒரு வாரம் போயிருந்தேன். பழையதை ஓட்டிவந்த ஆபரேட்டர் ஒல்லியான மனிதர். மீசையில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். ஷிஃப்டுக்கு இரண்டு தடவை பழைய மிஷின்மேல் உள்ளங்கையை வைப்பார். "சூடாயிட்டு" என்று நிறுத்திவிடுவார். காற்று வராமல் நூல் சுற்றும் மிஷின்களும் நிற்கும். காலையிலிருந்து நின்றே வேலை பார்த்த பெண்கள் பத்து நிமிஷம் தரையில் உட்கார்வார்கள்.

ஒருநாள் நானும் கை வைத்துப் பார்த்தேன். அப்படியொன்றும் சூடில்லை.

"பிள்ளைகளுக்குக் கால் கடுக்கும்லா சார்," என்றார், என்னைப் பார்க்காமல்.

புதியதை மாட்டி முடித்ததும் பெருமையாக விளக்கினேன். இரண்டு திருகுகள் ஒன்றோடொன்று பிணைந்து சுழன்று காற்றை நெருக்கும். எண்ணெய் சூட்டை வாங்கிக்கொள்ளும். இரவு பகலாக ஓடினாலும் நிறுத்த வேண்டாம்.

"சூடாயிட்டுன்னு நாம நிறுத்துனா?"

"எத்தனை டிகிரின்னு அதுவே காட்டும் அண்ணாச்சி. மேனேஜரே வந்து பாத்துக்கிடலாம்."

ஓட்டிக் காட்டினேன். பழக்கத்தில் அதன் மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். கம்ப்ரஸர் அறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கையை எடுக்கவே இல்லை.