செந்திலின் ஸ்கேனுக்காகக் கொல்கத்தா போனேன்

என் கணவர் செந்திலுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பைப் பாதிக்கும் நோய். இரண்டு வருடம் முன்பு இடது கண் திடீரென மங்கியபோது எடுத்த மூளை எம்ஆர்ஐயில்தான் தெரிந்தது, நோய் தாக்கிய இடங்கள் வெள்ளைப் புள்ளிகளாக இருந்தன. அவருக்குக் கொல்கத்தா நியூ டவுனில் வேலை, எனக்கு ஈரோட்டில் ஒரு பள்ளியில். இந்த ஜனவரியில் வருடாந்திர ஸ்கேனுக்குத் துணையாகப் போனேன். இதே காரணத்துக்காகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சிக்கு ரயிலில் சுமார் இருபத்தேழு மணி நேரம். மதியம் பன்னிரண்டேகாலுக்கு இறங்கினேன். அங்கிருந்து நியூ டவுனுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். காரில் ஒன்றேகால் மணி நேரம், 640 ரூபாய். "பௌதி, சுத்திப் பாக்க வந்தீங்களா?" என்று ஓட்டுநர் இந்தியில் கேட்டார். பௌதி என்றால் அண்ணி. "இல்ல, வீட்டுக்காரரைப் பாக்க" என்றேன். அவரைப் பார்த்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு ஸ்கேன். நடுவில் கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றியும் படம் எடுக்கிறார்கள், அதனால் முக்கால் மணி நேரம். கதவைத் தாண்டி வந்த தடதட சத்தத்தைக் கேட்டபடி வெளியே உட்கார்ந்திருந்தேன். அப்போது நினைத்ததை மறைக்கப் போவதில்லை. பெரிதாகத் தொந்தரவு செய்யாத ஒரே ஒரு புதுப் புள்ளி வந்தால் போதும், இவர் ஊருக்கு வந்துவிடுவார்.

மாலை நான்கு மணிக்கு லேக் மார்க்கெட் பக்கம் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். போன வருடப் படத்தையும் இதையும் திரையில் அருகருகே வைத்துக் காட்டினார். இரண்டிலும் அதே ஏழு வெள்ளைப் புள்ளிகள். புதிதாகக் கிளம்பிய பாதிப்பு என்றால் மருந்து ஏறியதும் பளிச்சென்று தெரியுமாம். எதுவும் அப்படித் தெரியவில்லை. செந்தில் என் கையை இறுக்கிப் பிடித்தார். நான் அழுதேன். சந்தோஷத்தில் என்று மருத்துவர் நினைத்திருப்பார்.

பக்கத்தில் ஒரு கடையில் ரவா தோசை சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "ஏனுங்க, ஒரு புள்ளியாச்சும் வரட்டும்னு நெனச்சுட்டனுங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"உள்ள படுத்துட்டு நானும் அதையேதான் நெனச்சேன்" என்றார். பிறகு, "நோவு முத்தித்தான் வரோணுமா? நல்லா இருக்கறப்பவே வந்தா என்ன?"

அன்றே கோயம்புத்தூர் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதினார்.

போகிறவர்கள் பழைய ஸ்கேனின் சிடியைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், அறிக்கை மட்டும் போதாது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் எது புதிது என்று சொல்ல முடியும். முடிந்தால் அதே மையத்திலேயே எடுங்கள். ஊசி மருந்து ஏற்றும் முன் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை கேட்பார்களா என்று முதல்நாளே விசாரித்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டை மட்டும் மறுநாளுக்கே போடாதீர்கள். நான் போட்டிருந்தேன். பிளாட்பாரத்தில் அவர் நின்ற இடம் மறையும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாற்றலுக்கு இன்னும் பதில் வரவில்லை.