வெறுந்தண்ணீர் வரிசை

சிலமலை ஊர்ப் பேச்சிக்கு ஓரவஞ்சனை என்றால் ஆகவே ஆகாது. கல்யாணப் பந்தியில் யாரோ ஒருவர் இலைக்கு அப்பளம் வராமல் போனால், சாப்பிடுகிறவர் சும்மா இருந்தாலும் இவள் இருக்கமாட்டாள். காரணம் இல்லாமல் இல்லை. தாயைப் பறிகொடுத்துச் சித்தி வீட்டில் வளர்ந்தவள். முட்டை அவித்த நாளில் சித்தி பெற்ற பிள்ளைகளுக்கு முட்டை, இவளுக்கு வெறும் குழம்பு. அந்த வயிற்றெரிச்சல் ஐம்பது வயதாகியும் ஆறவில்லை. ஆறத்தான் வேண்டுமா என்ன?

இப்படிப்பட்டவளிடம் போய் சுகன்யா அந்த வேலையை ஒப்படைத்தாள் பாருங்கள்!

சுகன்யாவுக்குப் போடிமெட்டைத் தாண்டி ஒரு சின்ன ஏலத்தோட்டம். புருஷன் இறந்தபின் ஒற்றை ஆளாக நின்று பார்க்கிறாள். பேச்சி தினமும் ஜீப்பேறி அங்கேதான் வேலைக்குப் போகிறாள். அந்த வருஷம் ஆடி அடைமழையில் தோட்டத்தின் மேற்கு மூலையில் அழுகல் நோய் தலைகாட்டியது. பரவினால் காய் போச்சு. தோட்டத்தை விற்றுவிட்டு இறங்க வேண்டியதுதான். போடிக் கடைக்காரர் ஒரு புது மருந்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். தோட்டம் முழுக்க ஒரு மருந்து அடிக்கத்தான் சுகன்யாவிடம் வழி இருந்தது. அது கேட்காவிட்டால் இன்னொன்றுக்குத் தெம்பில்லை.

“போன வருசம் மூணு மருந்தக் கலந்து அடிச்சோம், எருவும் போட்டோம். எது கேட்டுச்சுன்னு ஒரு எழவும் தெரியலக்கா,” என்றாள் சுகன்யா. “இந்த வாட்டி ஒண்ணே ஒண்ணத்தான் மாத்தணும். பக்கத்துப் பக்கத்து ரெண்டு வரிச. ஒரே வயசுச் செடி, ஒரே நெழலு. ஒண்ணுக்கு மருந்து, இன்னொண்ணுக்கு அதே அளவு வெறுந்தண்ணி. வேற எதையும் தொட்டுறாதீக.”

“நோயி ரெண்டுக்குந்தான ஆத்தா இருக்கு?”

“ரெண்டுக்கும் இருந்தாத்தான்க்கா மருந்தோட யோக்கியத தெரியும்.”

பேச்சி தலையாட்டினாள். சொன்னபடிதான் முதலில் செய்தாள். ஆனால் மருந்து குடித்த வரிசைக்கு அருகிலேயே மற்றது வாடி நிற்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை. ஒருநாள் டேங்கில் கொஞ்சம் மருந்து மிச்சம் இருந்தது. “நீங்க மட்டும் என்ன பாவம் செஞ்சீக?” என்று அந்தச் செடிகளின் தூரில் ஊற்றிவிட்டாள். பிறகு ஒவ்வொரு முறையும் மிச்சம் வைத்தாள். சுகன்யாவிடம் மூச்சு விடவில்லை.

இரண்டு வரிசையும் தெளிந்தன. சுகன்யாவுக்கு ஒரே ஆச்சரியம்.

“வெறுந்தண்ணிக்கே தெளிஞ்சிருச்சே! தானா ஆறுற நோய்க்கு மருந்து எதுக்குக்கா? கடைக்காரர்ட்ட வேணாம்னு சொல்லிர்றேன்.”

தான் மருந்து ஊற்றியது பேச்சிக்குத்தான் தெரியும். சொன்னால் வேலை போய்விடும். வாயைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் ஓடையோரம் களை எடுக்கும்போது அங்கேயும் செடிகள் அழுகத் தொடங்கியிருந்தன. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

சுகன்யா ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீகளேக்கா! மருந்துல ஆறுச்சா, தானா ஆறுச்சான்னு இனி எப்படிக் கண்டுபிடிப்பேன்?”

பேச்சி அழுதாள். இரக்கப்பட்டுச் செய்த காரியம் ஒற்றை ஆளாக நிற்கிறவளையே கவிழ்க்கப் பார்த்ததே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

சுகன்யா எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். “ஓடையோரம் ரெண்டு வரிச மறுபடி பாப்போம். தண்ணிக்கு வேற ஆளப் போட்டுக்கிறேன்.”

“வேற ஆளு வேணாம் ஆத்தா. நானே ஊத்துறேன்.”

ஊற்றினாள். டேங்கைக் கழுவிக் கழுவி, ஒரு சொட்டு மருந்தும் கலக்காமல், அளந்து ஊற்றினாள். மருந்து வரிசை நிமிர்ந்தது. தண்ணீர் வரிசையில் இலை பழுத்தது, தட்டை சாய்ந்தது, தொட்டால் கையோடு வந்தது. ஒவ்வொரு நாளும் பேச்சி அதைப் பார்த்தாள். ஒருநாளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

சந்தேகம் தீர்ந்ததும் சுகன்யா வெரசாக மருந்தை இறக்கித் தோட்டம் முழுக்க அடித்தாள். நோய் நின்றது. அந்த ஒரு வரிசைக்கு மட்டும் காலம் கடந்துவிட்டது. அழுகிய தூர்களைப் பிடுங்கி எரிக்க ஆள் கூப்பிட்டபோது பேச்சிதான் முன்னால் வந்தாள்.

கடைசித் தூரைப் பிடுங்கும்போது சத்தமாகவே சொன்னாள்: “ஒங்களுக்கு ஒண்ணும் குடுக்கல. ஒங்களாலதான் இம்புட்டும் பொழச்சுக் கெடக்கு.”

சுகன்யா அந்தத் தூரின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.