கடல் தொட்டியும் மயில்துத்தமும்

ஆறேழு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆடி மாதம், திண்டிவனத்தில் நடந்தது இது. அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியின் விஞ்ஞான அறையில் நான் உதவியாள். படித்தது ஐந்தாம் வகுப்பு. இருந்தாலும் எந்தக் குப்பியில் எந்தத் திராவகம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வாய்தான் கிடையாது. நாலு பேர் கூடினால் மூலையில் போய் நின்றுகொள்வேன். விஞ்ஞான வாத்தியார் கேட்பதற்கு முன்பே சாமானை எடுத்து வைத்துவிடுவேன். அதுதான் என் பேச்சு.

அந்த வருடம் இன்னொருவரைத் தற்காலிகமாகச் சேர்த்தார்கள். வானூருக்குக் கிழக்கே கடலோரத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர், மூன்று குழந்தைகளுக்குத் தகப்பனார். வந்த வாரத்திலேயே பள்ளிக்கூடம் முழுக்க அவருக்குச் சிநேகம்.

கடல் பிராணிகளை உயிரோடு மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது வாத்தியாருடைய வெகுநாள் ஆசை. விழுப்புரத்தில் கண்ணாடி வெட்டி வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, தேக்குச் சட்டத்தில் பதித்து, மூலைகளில் தார் பூசித் தொட்டி செய்தவன் நான். ஆனால் மரக்காணத்திலிருந்து கடல் தண்ணீரும், உயிர்கள் ஒட்டிய கற்களும், சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளும், பூப்போல விரிந்து தொட்டால் சுருங்கும் ஒரு பிராணியும் கொண்டுவந்தவர் அவர். தண்ணீருக்குக் காற்று வேண்டுமே என்று வாத்தியார் யோசித்தபோது, அவர்தான் பழைய லாரி டியூபில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, மெல்லிய ரப்பர் குழாய் வழியாகத் தொட்டிக்குள் விட்டார். குமிழ் குமிழாக வந்தது. வாத்தியார் சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டி, "தொட்டி இனிமே உன் பொறுப்புப்பா" என்றார். பதினோரு வருடத்தில் என் தோளில் அந்தக் கை பட்டதில்லை.

அன்று மத்தியானம் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே, குனிந்த தலையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் கண்ணாடியிலும் கற்களிலும் பழுப்பாகத் தூள்போல ஒன்று படிந்தது. துடைத்தால் மறுநாள் மறுபடியும் படிந்தது. மாணவர்கள் விடவில்லை.

"இன்னாண்ணே, தொட்டியில கேப்பைக் கூழு காய்ச்சறீங்களா?"

"ஆமாண்டா. மத்தியானம் சொம்பு எடுத்துக்கினு வா, ஊத்தறேன்!"

அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு எரிந்தது. ஆனால் அடுத்த வாரம் பழுப்பு போய்ப் பச்சைப் பாசி முடிமுடியாக வளர்ந்து, உள்ளே இருப்பதே தெரியாமல் மூடியபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டு, "வர்ற வெள்ளிக்கிழமை மேலதிகாரி வர்றாரு. அதுக்குள்ள இந்தச் சாக்கடை சுத்தமாவணும். இல்லேன்னா தொட்டியும் வேணாம், அதுக்கு ஒரு ஆளும் வேணாம்" என்று சொல்லிப் போய்விட்டார்.

சனிக்கிழமை கடலோரத்துக்காரர் என்னிடம் வந்தார். "ணா, எங்க ஊருப் பக்கம் நத்தை இருக்கற பாறையில பாசியே நிக்காது. மேஞ்சிரும். போயி பொறுக்கிக்கினு திங்கக்கிழமை காலைல வந்துர்றேன். அதுவரைக்கும் டியூபுக்குக் கொஞ்சம் காத்து அடிச்சிக்கினு இருணா. உன்னை நம்பித்தான் போறேன்." தலையை ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காற்றடித்துக்கொண்டே யோசித்தேன். நத்தை பாசியைத் தின்றுவிட்டால் அதற்கும் அவருக்குத்தான் பெயர். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் சிமென்ட் தொட்டியில் பாசி பிடித்தால் வருடா வருடம் நான்தான் மயில்துத்தம் கரைத்து ஊற்றுவேன். இரண்டே நாளில் பளிச்சென்று ஆகிவிடும். இதையும் நான் சுத்தம் செய்து காட்டினால் என்ன? கெடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. வாத்தியார் வந்து, "யார் செய்தது?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். நீலக் கட்டிகளை உள்ளங்கை அளவு எடுத்துக் கரைத்து ஊற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை பாசி வெளுத்துச் சாய்ந்திருந்தது. நண்டுகள் சங்கைவிட்டு வெளியே வந்து செத்துக் கிடந்தன. பூப்போல விரியும் பிராணி கரைந்து சளியாகத் தொங்கியது. ஈரச் சாக்கில் நத்தைகளைச் சுமந்துகொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னய்யா பண்ணே?" வாத்தியார் அவரைத்தான் கேட்டார்.

"தெரியல சார். வத்திப்போன அளவுக்குக் கெணத்துத் தண்ணி ஊத்தனேன். அது ஒத்துக்கல போல. என் தப்புதான் சார்."

நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. அவர் ஒரு நம்பிக்கையில் நத்தைகளைத் தொட்டியில் விட்டார். மத்தியானத்துக்குள் அவை கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. வெள்ளிக்கிழமையோடு அவரை நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியர்.

இரண்டு நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. எந்தப் பேச்சைக் கேட்டு எரிந்தேனோ அது நின்றதும் அந்த அறையில் எனக்கு மூச்சு முட்டியது. புதன்கிழமை காலை வாத்தியாரிடம் சொல்லத்தான் போனேன். வார்த்தை வரவில்லை. மயில்துத்தக் குப்பியைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்துவிட்டு நின்றேன். அவர் குப்பியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எவ்ளோ போட்டே?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். வாத்தியார் எழுந்து தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

ஜன்னலோரம் நின்றிருந்த கடலோரத்துக்காரர் மெதுவாக என்னிடம் வந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"இன்னாணா நீ. தொட்டி வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடுத்திருப்பேனே."

அவர் வேலை நிலைத்தது. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. வந்த அதிகாரி வெறும் தொட்டியைத்தான் பார்த்துவிட்டுப் போனார். பிறகு கற்களையெல்லாம் எறிந்து, தொட்டியைப் பலமுறை கழுவினோம். மரக்காணத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது கடலோரத்துக்காரர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். புதுத் தண்ணீரிலும் பழுப்பு வந்தது, பச்சை வந்தது. அவர் பதறவில்லை. வெயில் விழும் ஜன்னலைச் சாத்தினார், நத்தைகளை விட்டார், கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். சில வாரங்களில் தண்ணீர் தானாகத் தெளிந்தது.

இன்றும் ஒரே அறையில்தான் வேலை செய்கிறோம். அவர் இப்போது நிரந்தரம். வாத்தியார் இன்னமும் அவரைத்தான் முதலில் கூப்பிடுகிறார். எனக்குச் சுருக்கென்று ஒரு வலி இன்னமும் வரத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு ஒரு நாள்கூட, கோபத்தில்கூட, அவர் அந்த விஷயத்தை எடுத்ததில்லை. அப்படி ஒரு மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்பதுதான் இப்போது அவர்மேல் எனக்குள்ள பெரிய பொறாமை.