லாக்கின் வாய் எந்தப் பக்கம்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்கு ‘செயின்’ என்று பட்டப்பெயர். கழுத்தில் போடுகிற செயின் இல்லை, மோட்டார் சைக்கிள் செயின். எவன் வண்டி எங்கே நின்றாலும் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உற்றுப் பார்ப்பார். ஒருநாள் மருந்துக்கடை வாசலில் வண்டிக்காரன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

“என்னய்யா பண்றே?”

“செயின் பாத்தேன் சார்.”

போதாதா? கூட்டம் கூடிவிட்டது. நான்தான் உள்ளே புகுந்து, “வீட்டுல சக்கரை டப்பா எங்க இருக்குன்னே இவருக்குத் தெரியாது, இவரா திருடப்போறாரு?” என்று கத்தி இழுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் திட்டினேன்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவார். இருபத்தாறு வருஷமாக அதுதான். மயிரிழை கோணினாலும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது.

அப்படிப்பட்டவரை இப்படி ஆக்கியது ஏழு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை நேரம். என் கொழுந்தன், அவருடைய ஒரே தம்பி, எங்கள் வாசலில் செயினைக் கழுவி மாட்டிய வண்டியில்தான் கிளம்பிப் போனான். நாலு கிலோமீட்டர் தாண்டவில்லை. செயின் விட்டுப் பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது, பின்னால் லாரி. செயினை ரோட்டில் கண்டெடுத்தார்கள். அதன் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடிக்கிற லாக் மட்டும் கிடைக்கவில்லை. நகத்தளவு தகடு அது. ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் வாய் திறந்திருக்கும். மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஓடுகிற ஓட்டத்தில் கழன்றுகொள்ளலாம்.

கேட்டவர்களிடமெல்லாம் அவர், “நான்தான் செயினைக் கழட்டிக் கழுவி மாட்டினேன்” என்றார். போலீஸிடமும் அதையே சொன்னார், பெற்ற தாயிடமும் அதையே சொன்னார். என் மாமியார் அதன் பிறகு மூத்த மகன் முகத்தைப் பார்க்கவில்லை. படுக்கையில் விழுந்து ஐந்து வருஷம் கிடந்து கண்ணை மூடினார். இவர் தண்ணீர் கொண்டுபோனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். சோறு வடித்து மாமியாருக்கு ஊட்டினேன், துணி காயப்போட்டேன். கொடியில் கிளிப் மாட்டினால் ‘டிக்’ என்று கேட்கும், என் உடம்பு தூக்கிப்போடும். மகளின் சாப்பாட்டு டப்பா மூடும்போதும் அதே சத்தம். யாராவது கேட்டால் குளிர் என்பேன். வெயில் காலத்தில் என்ன குளிர்?

போன மாதம் மகளுக்கு வேலை கிடைத்தது. ஊருக்கு வெளியே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம், பஸ் போகாத இடம். வண்டி இல்லையென்றால் வேலை இல்லை. பழைய வண்டி ஒன்றைத் தோழியிடம் வாங்கிவந்து நிறுத்தினாள். திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அப்பா செயினை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஏழு வருஷம் கழித்து அந்தக் கை ஸ்பேனரைத் தொட்டது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்து, துடைத்து, பல்சக்கரத்தில் சுற்றி இரு முனையையும் சேர்த்தார். அடிப்பக்கம் விரலால் தூக்கிப் பார்த்து, ஓரங்குலம் தொய்வு இருக்கும்படி பின்சக்கரத்தின் இருபக்கத் திருகாணிகளையும் ஒரே அளவாகத் திருகினார். எல்லாம் சுத்தம். கடைசியில் லாக்கை எடுத்தார். போட்டார், கழற்றினார். திரும்பவும் போட்டார், கழற்றினார். அரைமணி நேரம்.

“வேணாம்மா. வேற வேலை பாத்துக்கலாம். இந்தக் கையால மாட்டின வண்டியில உன்னை அனுப்ப மாட்டேன்” என்றார்.

“அப்பா, நாளைக்குப் போகலைன்னா இடம் போயிடும்ப்பா!” என்றாள் மகள்.

என் பொறுமை அன்றோடு போயிற்று. எனக்காக இன்னொரு பிள்ளையின் வாழ்க்கையும் நிற்க வேண்டுமா?

“என்னங்க, உங்க கை மேல பழியில்ல. அன்னிக்கு லாக் போட்டது நான்.”

மகள் திரும்பிப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி சொல்லியிருக்க மாட்டேன்.

“கடையிலேர்ந்து போன் வந்துச்சுன்னு உள்ளே போனீங்க. அவன் ‘லேட்டாச்சு அண்ணி, லேட்டாச்சு அண்ணி’ன்னு குதிச்சான். இது என்ன பெரிய கம்பசூத்திரமான்னு நானே குறடு எடுத்து அமுக்கிட்டேன். எந்தப் பக்கம் வெச்சேன்னு இன்னிய வரைக்கும் எனக்கு நெனப்பு வரலை. நீங்க மறந்துபோய் உங்க மேல போட்டுக்கிட்டீங்க. நான் பாவி, வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்.”

அவர் லாக்கை உள்ளங்கையில் வைத்தபடி இருந்தார். கோபமில்லை, ஆச்சரியமும் இல்லை.

“மறக்கல. நீ போட்டது எனக்குத் தெரியும். வாய் முன்பக்கம் இருந்துச்சு” என்றார்.

“தெரியுமா?” என்றேன்.

“போன் பேசிக்கிட்டே வெளியே வந்தேன். அவன் வண்டியைக் கேட்டுக்கு வெளியே தள்ளிட்டு இருந்தான். சக்கரம் சுத்தினப்போ லாக் மேல வந்துச்சு, பாத்தேன். கூப்பிட்டிருக்கலாம். அவசரமாப் போறான், சாயங்காலம் வந்ததும் திருப்பிப் போட்டுக்கலாம்னு கையை ஆட்டி அனுப்பிட்டேன்.” அவர் மகளைப் பார்க்காமல் சொன்னார். “உங்கம்மா தெரியாம போட்டா. நான் தெரிஞ்சு விட்டேன்.”

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையிலிருந்து லாக்கை எடுத்தாள். மூடிய பக்கத்தை முன்னால் வைத்துக் குறடால் அமுக்கினாள். “ரெண்டு பேரும் பாருங்க” என்றாள். பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது. ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பிப் போனாள்.

அவள் முனை திரும்பியதும் கேட்டேன்.

“உங்கம்மாகிட்டயாவது என் பேரைச் சொல்லியிருக்கலாமே? சாகுறவரைக்கும் உங்க கையால ஒரு வாய் தண்ணி குடிக்கலையே!”

“சொல்லிட்டா அம்மாவுக்கு யார் கையால சோறு இறங்கும்?” என்றார்.